மாதிரிக்கு ஒத்துவராத இயந்திரம்

மின்சாரத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை. அதன் குணம் எனக்குத் தெரியும். ஆள் பார்க்காது, தொட்டால் அடிக்கும், அவ்வளவுதான். என் பயமெல்லாம் மின்சாரத்துக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம். அவர்கள் தொடாமலேயே அடிப்பார்கள். அடித்துவிட்டு, "எப்படி இருக்கீங்க மெரிடி?" என்று மலர்ந்த முகத்தோடு விசாரிப்பார்கள். எங்கள் நாட்டில் எவ்வளவு பெரிய அதிகாரியும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கழுத்தில் கத்தி வைக்கிறபோது பெயர் தெரிந்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சௌகரியம்.

நான் மெரிடி ஷிர்மர். கன்வெர்ட்டர் வடிவமைப்பது என் தொழில். வீட்டில் மின்வெட்டுக்கு வைத்திருக்கிறீர்களே இன்வெர்ட்டர், அதற்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வில்கரூ, கோதுமை வயல்களுக்கு நடுவே, மின்கம்பி களைத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது. கம்பியை நம்பினால் பாதி நாள் இருட்டுதான் என்பதால், ஊருக்கு வெளியே சூரியத் தகடுகளையும் பாட்டரிகளையும் வைத்து, அந்த மின்சாரத்தை வீடுகளுக்கு ஏற்றபடி மாற்றித்தர ஒரு பழைய கன்வெர்ட்டரை நிறுத்தியிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் வழுவழுவென்று ஏறி இறங்கும் ஓர் அலையாக இருக்கவேண்டும். கன்வெர்ட்டர் அந்த அலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் செய்கிறது. தையல் மோசமாக இருந்தால் பெரிய அலையின் முதுகில் குட்டி அலைகள் ஏறிக்கொள்ளும். அவற்றை ஹார்மோனிக்ஸ் என்போம். எங்கள் பழைய கன்வெர்ட்டரின் தையல் சாக்குப் பைத் தையல். ஊரில் பம்பு மோட்டார்கள் காரணமில்லாமல் சுட்டன. சமையலறை அடுப்புகளில் இருக்கிற கடிகாரம் அலையை எண்ணித்தான் மணி காட்டும்; அது குட்டி அலைகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு முன்னால் ஓடியது. ஊர் முழுக்க எல்லோரும் எல்லாவற்றுக்கும் சீக்கிரமே போய்க் காத்திருந்தோம். சர்ச்சில் பாதிரியார் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

கடிகாரம் ஓடினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரிப் பின்னறையில் இருந்த டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாது. அது அலையை முகர்ந்து பார்க்கும், அழுக்கு அதிகமானால் ஓலமிட்டுவிட்டு நின்றுவிடும். அதில் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார்பவன் என் கணவன் வார்விக்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பக்கத்தில் இருக்கும்போதே அது நின்றது. சிஸ்டர் லோரெல் பதறாமல் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றத் தொடங்கினாள். குழாய்களில் இருந்த ரத்தத்தை உறைவதற்குள் உடம்புக்குத் திருப்பியாக வேண்டும்.

"நிறுத்திடாத லோரெல். வெளிய இருக்கிறது என் ரத்தம்," என்றான் வார்விக்.

"நிறுத்த மாட்டேன். நீ வாயை மூடிக்கிட்டு அசையாம இரு."

"காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சுத்தறா பாரு மெரிடி. கொஞ்சம் பொடியாவே அரை, லோரெல்."

லோரெல் சிரித்தாள். என்னால் முடியவில்லை. என் புருஷனின் ரத்தம் ஒரு பெண்ணின் மணிக்கட்டு பலத்தில் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாரமே ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிவிட்டது: கோடை முடிவதற்குள் மின்சாரம் சரியாகாவிட்டால் டயாலிசிஸ் நாற்காலிகள் அடிலெய்டுக்குப் போய்விடும். அடிலெய்டு ஐந்து மணி நேரப் பயணம். ஒரு குளிர்காலம் அங்கே வாடகை அறையில் இருந்து பார்த்துவிட்டு வந்தவன் வார்விக். "இன்னொரு தடவை அங்க போய் உட்கார மாட்டேன். இங்கயே முடிச்சுக்கறேன்," என்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் குரலில்லை அது.

நல்ல வேளையாக ராஸ் காப்பிங்கின் பட்டறையில் அவரும் நானும் இரண்டு வருடமாகப் புதுக் கன்வெர்ட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பழையது இரண்டே படியில் தொப்பென்று தாவும். என்னுடையது பல சின்னப் படிகளில் ஏறி, அதே மாதிரி இறங்கும். எந்தப் படிக்கு எந்த நொடியில் கால் வைக்க வேண்டும் என்பதுதான் கணக்கே. மிச்சமிருக்கும் பிசிறை ஒரு பெரிய செம்புச் சுருளும் கபாசிடர்களும் துடைத்துவிடும்.

இப்போது என் கோழைத்தனத்துக்கு வருகிறேன். அலை ஒத்திசைவு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. இயந்திரத்தைச் செய்வதற்கு முன்பே அதன் கணினி மாதிரியை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அதில் அலை எத்தனை சதவீதம் சிதையும் என்று சொல்ல வேண்டும். ஐந்தைத் தாண்டக்கூடாது. என் கணக்கில் ஒன்றரைதான் வந்தது. ஒன்றரை என்று சொல்லிவிட்டு நாளைக்கு இரண்டு வந்தால்? யார் பதில் சொல்வது? நான்கு என்று கொடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். பாலம் கட்டுகிறவன் கம்பியைக் கூட்டிப் போடுவதில்லையா, அந்த மாதிரி. கூட்டிச் சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இயந்திரத்தைக் கொட்டகையில் இறக்கி ஓட்டினோம். ராஸ் அதன் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

"சத்தத்தையே காணோமே. ஓடுதா?"

"ஓடுது ராஸ்."

சிதைவை அளக்க ஆணையம் மாட்டியிருந்த மீட்டர் ஒன்றரை காட்டியது. அந்த ஒரு வாரம் ஊரில் அடுப்புக் கடிகாரங்களும் பாதிரியாரும் ஒரே நேரத்தைச் சொன்னார்கள். வார்விக் மூன்று முறையும் நாற்காலியில் தூங்கிப்போனான். அவன் அங்கே தூங்கி நான் பார்த்ததே இல்லை. எட்டாம் நாள் ஆணையத்திலிருந்து ஃபெர்கஸ் என்பவர் போனில் கூப்பிட்டார். மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

"எப்படி இருக்கீங்க மெரிடி? ஒரு சின்ன வருத்தம்."

"என்ன ஆச்சு?"

"உங்க இயந்திரம் நாலு சதவீதம் தரல."

"ஆமா, ஒன்றரைதான் தருது. அது நல்லதுதானே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாவு வீட்டில் சிரித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"நல்லது கெட்டதுங்கிற வார்த்தையெல்லாம் எங்க விதியில இல்ல மெரிடி. ஒத்துப்போகுது, ஒத்துப்போகல. ரெண்டேதான். உங்க மாதிரியை நாங்க பதினோரு மாசம் சோதிச்சிருக்கோம். இயந்திரத்தை நீங்க எவ்வளவு நாள் சோதிச்சீங்க?"

"ஒரு வாரம்."

"பாத்தீங்களா," என்றார் கனிவாக. "அப்ப எதை நம்பறது? அதை அணைச்சுட்டுப் பழசையே ஓட்டுங்க. பழசு ஏழு தரும்னு மாதிரியில இருக்கு, அந்தக் காலத்து அனுமதி. ஏழேதான் தருது. இந்த மாநிலத்துல அவ்வளவு நேர்மையான இயந்திரம் வேற இல்ல."

அணைத்தேன். என் கையாலேயே அணைத்தேன். பக்கத்தில் பழையது கனைத்துக்கொண்டு எழுந்தது.

விசாரணைக்கு அடிலெய்டுக்கு வரச்சொன்னார்கள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த மேசைக்கு இயக்குநர் இமோஜென் ப்ராட்பென்ட் தலைமை. எங்கள் நாட்டில் எந்த அலுவலகக் கூட்டமும் பாதுகாப்புப் பகிர்வு இல்லாமல் தொடங்காது. யாராவது ஒருவர் தனக்கு நேர்ந்த ஆபத்தையோ நேரவிருந்த ஆபத்தையோ சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதிலிருந்து பாடம் கற்க வேண்டும். அன்று ஃபெர்கஸின் முறை. மாடிப்படியில் சூடான தேநீரோடு இறங்கியபோது இரண்டு சொட்டு மணிக்கட்டில் சிந்தியதைச் சொன்னார். மேசையைச் சுற்றிப் பெருமூச்சு எழுந்தது.

"மூடி போட்டிருந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல," என்றார் ஃபெர்கஸ், தலையைக் குனிந்தபடி. "நமக்கெல்லாம் நடக்காதுன்னு நினைச்சுட்டேன்."

மூடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். மாடியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறியவர்களைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். பிறகு என் இயந்திரத்தின் மாதிரியை ஓட்டிக்காட்ட சிமுலேஷன் அறைக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் செருப்புக்கு உறை மாட்டச் சொன்னார்கள். உள்ளே எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். மாநிலத்து மின்கட்டமைப்பின் பத்து விநாடியைக் கணினி கணக்கிட ஒரு பகல் பிடிக்கும். அது வரைக்கும் திரையைப் பார்த்தபடி நிற்பது வழக்கம். வயதானவர்களுக்கு மட்டும் நாற்காலி உண்டு.

திரை முழுக்கக் கோடுகளும் கட்டங்களும். "வில்கரூ எங்க இருக்கு?" என்று நானும் கிசுகிசுத்தேன்.

ஃபெர்கஸ் ஓர் ஓரத்தில் இருந்த சின்ன வளைவு நெளிவுக் கோட்டைக் காட்டினார். மின்சாரத்தை உறிஞ்சும் ரெசிஸ்டருக்குப் போடுகிற குறி.

"இதுதான் உங்க ஊர்."

"இதுல ஆஸ்பத்திரி?"

"உள்ளதான் இருக்கு. நீங்களும் இருக்கீங்க. ஊர்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிச் சுருக்கி ஒரே ரெசிஸ்டராக்கிட்டோம். இல்லேன்னா கணக்கு மெதுவா ஓடும்."

அந்த நெளிவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எந்த மடிப்பில் வார்விக் உட்கார்ந்திருக்கிறான் என்று தேடியதை யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் கணக்கு முடிந்தது. ஃபெர்கஸின் முகத்தில் தீபம் ஏற்றின மாதிரி ஒரு வெளிச்சம்.

"பாருங்க. உங்க இயந்திரம் சரியா நாலு. பழசை ஓட்டினாலும் உங்க ஊர்ல ஒரு விநாடிகூட எதுவும் நிக்கல."

"போன மாசம் நின்னுச்சு ஃபெர்கஸ். நான் அங்கதான் இருந்தேன்."

"இங்க நிக்கல," என்றார், என் தோளைத் தொட்டு ஆறுதலாக.

மறுபடி மேசைக்கு வந்ததும் இமோஜென் பேசினாள். இனிமையான குரல். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரிப் பேசுவாள்.

"மெரிடி, ஜனங்க எங்களை நம்பறாங்க. ஏன்? நாங்க சொன்னது எப்பவும் நடக்கும். நடக்காத இடத்துல, நடந்ததை நாங்க ஏத்துக்கிறதில்ல. இத்தனை வருஷத்துல இந்த ஆணையத்தோட கணிப்பு ஒண்ணுகூடத் தவறினதில்ல தெரியுமா? உங்க ஒரு பொட்டியால அது கெடணுமா? இன்னிக்கு உங்களோடது சொன்னதைவிட நல்லா ஓடுது. நாளைக்கு இன்னொருத்தரோடது நல்லா ஓடும். அப்புறம் எல்லாரும் இயந்திரத்தைப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. எங்களை யார் பாப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. இருவர் குறித்துக்கொண்டார்கள்.

எனக்கு இரண்டு வழி சொன்னார்கள். மாதிரியை ஒன்றரை என்று திருத்தலாம். ஆனால் திருத்திய மாதிரி புது மாதிரியாகிவிடும், வரிசையின் கடைசிக்குப் போகும், நான்கு வருடம் ஆகும். அல்லது இயந்திரத்தைத் திருத்தி நான்கு தரவைக்கலாம், அடுத்த நாளே அனுமதி. கூட்டத்தை முடிக்கும் முன் இமோஜென் என் பக்கம் திரும்பினாள்.

"விருந்தாளியும் ஒரு பகிர்வு சொல்லணும்கிறது எங்க வழக்கம். உங்களுக்கு ஏதாவது பாதுகாப்பு அனுபவம் இருக்கா?"

சொன்னேன். இயந்திரம் நின்றது, லோரெல் சுற்றியது, குழாயில் இருந்த ரத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்காலி போய்விட்டால் வீட்டிலேயே செத்துவிடுவது என்று என் புருஷன் முடிவு செய்துவிட்டான், எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். இமோஜென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப அருமையான பகிர்வு," என்றாள். "ஃபெர்கஸ், இந்த மாசத்துப் பரிசு மெரிடிக்குத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். மூடி போட்ட ஒரு தெர்மாஸ் குடுவையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் வார்விக் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு வாசல் வலைக்கதவின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தண்ணீர் அளவுதான். வெயில் காலத்தில் ஐஸ்தான் அவன் பானம். நடந்ததைச் சொன்னேன்.

"சரி, கெடுத்துக் குடுத்துடேன். நல்லா செய்யத் தெரிஞ்சவளுக்குக் கெட்டதா செய்யத் தெரியாதா?"

"கெடுத்தா உன் மெஷின் நிக்கும்டா."

"நாலுக்கு நிக்குமா நிக்காதான்னு யாராவது பாத்தாங்களா? பாரு முதல்ல. அப்புறம் அழு."

பார்த்தோம். நானும் ராஸும் செம்புச் சுருளின் பாதியைக் கழற்றினோம். படிகளைக் கலைத்தோம். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒரு மத்தியானத்தில் அசிங்கப்படுத்தினோம். ஆஸ்பத்திரியில் லோரெல் உதிரி இயந்திரத்தில் வெறும் உப்புநீரை ஓடவிட்டுக்கொண்டு தொலைபேசியில் இருந்தாள். இரண்டரைக்கு ஒன்றுமில்லை. மூன்றைத் தாண்டியதும் ஓலம் எனக்கே கேட்டது. பழையதன் ஏழை ஆஸ்பத்திரியில் ஒரு வடிகட்டி வைத்துப் பெரும்பாலும் சமாளித்துவந்தார்கள்; கலைத்த படிகளின் பிசிறு வேறு ஜாதி, அதில் சிக்கவில்லை.

"நின்னுடுச்சு மெரிடி," என்றாள் லோரெல்.

ராஸ் சுருளைத் திரும்ப மாட்டினார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபெர்கஸைக் கூப்பிட்டு, இயந்திரத்தைத் திருத்த முடியாது என்றேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை.

"முடியாதா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "மாதிரி தப்பா இருக்க வழியில்ல. இயந்திரமும் மாற மாட்டேங்குது." அப்புறம் அவர் குரலில் ஒரு நிம்மதி வந்தது. "அப்படின்னா மீட்டர்தான் தப்பு. ஏன் யாருக்கும் தோணல? மீட்டரை மாத்திப் பாத்துடலாம். பாக்கறதுக்கு உங்க இயந்திரம் ஓடணும். ஓட்டுங்க."

ஓட்டினேன். வார்விக் மறுபடி நாற்காலியில் தூங்கினான்.

நெவில் என்பவர் புது மீட்டரோடு வந்தார். ஆணையத்தின் மீட்டர்காரர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர், பேச்சு குறைவு. அவர் மாட்டிய மீட்டர் ஒன்றரை காட்டியது. "இதுவும் தப்பு," என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொன்று. அதுவும் தப்பு. ஒன்றரை காட்டிய குற்றத்துக்காக வெளியேற்றப்பட்ட மீட்டர்கள் என் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்தன. கடைசியில் ஃபெர்கஸ் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு மீட்டர்தான், அதுவும் தப்பாக இருந்தால் இயந்திரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிட்டிருந்தார்.

அந்தக் கடைசி மீட்டரோடு நெவில் தாமதமாக வந்தார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"என்ன ஆச்சு நெவில்?"

"கங்காரு. குறுக்க பாஞ்சுது. பிரேக் போட்டேன், பொட்டி வண்டியிலிருந்து எகிறி ரோட்டுல விழுந்துடுச்சு."

மாட்டினார். உள்ளே ஏதோ லொடலொடத்தது. எண்கள் தடுமாறி, ஏறி, நான்கில் வந்து நின்றன.

"ஆங்," என்றார் நெவில். "இதுதான் நல்ல மீட்டர்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒட்டுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கத் தைரியமில்லை.

அனுமதி விழாவுக்கு இமோஜெனே வந்தாள். கொட்டகை வாசலில் ராஸ் இரும்புத் தட்டில் சாஸேஜும் வெங்காயமும் வாட்டினார். ஊரே வந்திருந்தது. இமோஜென் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றாள், இரண்டு பேர் பாதுகாப்புக்காகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விஞ்ஞானத்துக்குப் பொறுமை வேணும்," என்றாள். "நாங்க அவசரப்படல. இயந்திரத்தைக் கேட்கல, ஊரைக் கேட்கல. மீட்டர் மீட்டரா மாத்திக்கிட்டே இருந்தோம், உண்மை கிடைக்கிற வரைக்கும்."

"கை தட்டு," என்றான் வார்விக் என் காதில். "நம்மளையேதான் பாக்கறா."

தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதாவது நான் மட்டும் தூங்கவில்லை. தினம் காலையில் கொட்டகைக்குப் போய் அந்த மீட்டரைப் பார்ப்பேன். குளிருக்கு அதன் எண் கொஞ்சம் இறங்கும், வெயிலுக்கு ஏறும். மூன்றரை என்று காட்டிய நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல் நாள். கூரைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவனைக்கூட அதன் பக்கம் விடவில்லை. நெவில் ஓய்வு பெற்றுவிட்டார் என்றும், புதிதாக வந்திருக்கும் பெண் மிகவும் கவனமானவள், மீட்டரைத் திறந்து பார்க்காமல் விடமாட்டாள் என்றும் ராஸ் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவள் வந்தது வார்விக்கின் டயாலிசிஸ் நாளில். பெயர் பிரையனி. இருபத்தைந்துகூட இருக்காது. கையுறை மாட்டிக்கொண்டு, நான் ஏதேதோ பேசுவதைக் காதில் வாங்காமல், மீட்டரைத் திறந்தாள். விளக்கடித்துப் பார்த்தாள்.

"இது உடைஞ்சிருக்கு."

"அப்படியா," என்றேன்.

"உள்ள ஒரு இணைப்பு விட்டுப்போய் ஆடுது. அதோட இரைச்சலைச் சேர்த்துக்கிட்டுத்தான் நாலு காட்டுது." அவள் விளக்கை அணைத்தாள். "இந்த வாரத்துல நான் பாக்கிற மூணாவது. எல்லாம் நெவில் மாட்டினது. எல்லாம் சரியா மாதிரி சொன்ன எண்ணையே காட்டுது."

மற்ற இரண்டு ஊர்களில் என்ன செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்.

"அங்க ரெண்டு எடத்துலயும் எழுதிக் குடுத்துட்டுப் புதுசு மாட்டினேன். எனக்குப் பொய் எழுதத் தெரியாது. ரெண்டு ஊர் இயந்திரத்தையும் நேத்து நிறுத்திட்டாங்க. ஒரு ஊர்ல பால் பண்ணை. குளிரூட்டி நின்னு அத்தனை பாலையும் கொட்டினாங்க. எனக்கு போன் பண்ணி அந்தப் பண்ணைக்காரர் எதுவுமே பேசல. போனைக் கையில வச்சுக்கிட்டு மூச்சு மட்டும் விட்டுக்கிட்டிருந்தார்."

அவள் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள். என்னைவிடப் பயந்த ஒருத்தியை ஆணையத்தின் சட்டையில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"இங்க நிறுத்தினா என்ன ஆகும்?"

"ஆஸ்பத்திரியில ஒரு நாற்காலி இருக்கு. இந்த நேரத்துல அதுல என் புருஷன் உட்கார்ந்திருக்கான். அவன் ரத்தம் பாதி வெளிய இருக்கும்."

பிரையனி மீட்டரை மூடினாள். பிறகு வெளியே போனாள். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. புது மீட்டர் பெட்டியோடு திரும்பி வந்தாள். என் கண்ணெதிரே உடைந்ததைக் கழற்றி, உடைந்தது என்று எழுதி ஒட்டிப் பையில் போட்டாள். லோரெலைக் கூப்பிட்டு எச்சரிக்கப் போனை எடுத்தேன்.

அவள் புது மீட்டரைப் பஞ்சு உறையிலிருந்து பதமாக எடுத்தாள். மேலே இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தாள். அதைச் சுவர்ப் பக்கம் கொண்டு போகாமல், கொட்டகை நடுவே சிமெண்டுத் தரையில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மெரிடி," என்றாள். "கால்ல விழுந்துடப் போகுது."

மார்பு உயரத்திலிருந்து கையை விட்டாள். பொறுக்கி எடுத்து மாட்டினாள். இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்கள் தடுமாறி, இரண்டைத் தாண்டி, மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

"போதலையே," என்றாள் பிரையனி. திருப்புளியை எடுத்து மறுபடி கழற்றினாள். இந்தத் தடவை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.